பெரிய பிளாஸ்டிக் டாங்க் வண்டியில் பொருந்த மறுத்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

என்னுடைய சுசுகி டிஆர்650எஸ்இ மோட்டார் சைக்கிளின் சொந்தப் பெட்ரோல் டாங்க் 13 லிட்டர் பிடிக்கும். தார்ச்சாலையில் அது தாராளம். ஆனால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே போய், மவுண்ட் டேரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு சிம்சன் பாலைவனத்துக்குள் இறங்கினால், அடுத்த பெட்ரோல் பேர்ட்ஸ்வில்லில்தான். நடுவே சுமார் 500 கிலோமீட்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். மணலில் என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் வரை குடிக்கிறது. துணைக்கு வரும் ஜீப்பில் கேன்கள் இருந்தாலும், 13 லிட்டரோடு உள்ளே போக மனம் ஒப்பவில்லை.

இந்த வண்டிக்கென்றே வார்த்த பெரிய டாங்குகள் கடையில் கிடைக்கின்றன. காசு இருப்பவர்கள் அதை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவைக்கலாம். நான் வாங்கியது வேறொரு வண்டிக்காக வார்த்த 25 லிட்டர் டாங்க். யாரோ வாங்கி, மனம் மாறி, பிரிக்காமலே போட்டு வைத்திருந்தது. பாதி விலை.

இரண்டு வார இறுதிகளில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு மாதம் இழுத்தது. வேலையின் வரிசையைத் தவறவிட்டதுதான் காரணம். பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கால் வார்த்த டாங்கின் வாழ்க்கையை முதல் சொட்டுப் பெட்ரோல் இரண்டாகப் பிரிக்கிறது. சூடு காட்டுவது, வளைப்பது, செதுக்குவது எல்லாம் அந்தச் சொட்டுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். கடைசி அளவு எடுப்பது, டாங்கைச் சட்டத்தோடு பிடிக்கும் உலோகத் தாங்கிகளில் துளை போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் அதற்குப் பின்னால், அதுவும் சில வாரம் கழித்து. இதை மாற்றிச் செய்ததால் வந்தவைதான் கீழே உள்ள அறிகுறிகளில் பாதி.

உங்கள் டாங்க் ஏற்கெனவே பெட்ரோல் கண்டதா? அப்படியானால் ஹீட் கன், தீ, வெல்டிங் மூன்றையும் மறந்துவிடுங்கள். இந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலைத் தன் சுவருக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரால் எத்தனை முறை அலசினாலும், சூடு பட்டதும் அது ஆவியாக வெளியேறும். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்குக்குத்தான் பயப்பட வேண்டும் என்று பட்டறையில் சொல்வது இதனால்தான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், கராஜின் மூலையில் இருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடரைத் தேடிப் பிடிக்கும். பழைய டாங்குக்குக் காட்டக்கூடிய ஒரே சூடு வெந்நீர். அதுவும் பல நாள் காற்றாடவிட்ட பிறகு, திறந்த வெளியில், அருகில் எந்தச் சுடரும் இல்லாத இடத்தில்.

முன்பக்கம் உட்காருகிறது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது

எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி ஒரு பக்கம் இருக்கும், இடிக்கிற இடம் இன்னொரு பக்கம் ஒளிந்திருக்கும்.

பூஜை அலமாரியிலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். சீட்டைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் முதுகுக் குழாய், இக்னிஷன் காயில், ஒயர் கட்டு, அவற்றைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்புகள் எல்லாவற்றின் மேலும் மெல்லியதாகத் தடவி, டாங்கை நேராக இறக்கி, அசைக்காமல் தூக்கினேன். டாங்கின் அடியில் சிவப்புப் பட்ட இடம்தான் எதிரி. வெள்ளை டாங்க் என்றால் திலகம் வைத்ததுபோல் பளிச்சென்று தெரியும்.

எனக்குத் தெரிந்த முதல் எதிரி டாங்கே அல்ல, தடித்த ஒயர் கட்டு. முதுகுக் குழாயின் மேலே ஓடியதைப் பக்கவாட்டுக்கு இறக்கிக் கட்டினேன். பின்பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியது. அடுத்த எதிரி இக்னிஷன் காயில். பழைய உலோகப் பட்டை ஒன்றை வளைத்து அதைச் சற்று முன்னே தள்ளினேன். இன்னொரு அரை விரல். டாங்கின் மேல் கத்தி படாமலே பாதிக் கோளாறு தீர்ந்தது. வெட்டிய பிளாஸ்டிக்கை ஒட்டவைக்க முடியாது. பட்டையைக் கெடுத்தால் இன்னொரு பட்டை சில டாலர்தான். எனவே ஒதுங்கக்கூடியதையெல்லாம் முதலில் ஒதுங்கச் சொல்லுங்கள்.

முன்னால் டாங்கைத் தாங்கும் ரப்பர் குமிழ்களின் இடமும் பருமனும் வண்டிக்கு வண்டி வேறுபடும். டாங்கின் குழியில் குமிழ் ஆடினால் வாஷரும் ரப்பர் வளையமும் அடுக்கிச் சரிசெய்யலாம். உயரமே பொருந்தவில்லை என்றால் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றைச் செய்து, அதில் புதிய குமிழைப் பொருத்துங்கள். இதற்காகச் சட்டத்தில் வெல்டிங் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நாளைக்குப் பழைய டாங்கைத் திரும்ப மாட்ட நேரலாம். வண்டியை விற்கவும் நேரலாம்.

எல்லாம் ஒதுங்கியும் குடைவு இறுக்கிப் பிடிக்கிறது

சட்டத்தின் முதுகுக் குழாய் நுழைவதற்காக டாங்கின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்குமே, அதைத்தான் குடைவு என்கிறேன். இது குறுகலாக இருந்தால் வெந்நீர் வைத்தியம்.

டாங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துச் செய்வதா, நிமிர்த்திச் செய்வதா என்பது உங்கள் இட வசதி. நான் இரண்டு பலகைகளின் மேல் நிமிர்த்தி வைத்து, பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்த் திருகு) பொருந்தும் துளைகளை அடைத்து, கொதித்து இறக்கிய தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றினேன். 25 லிட்டர் என்றால் வீட்டிலுள்ள பெரிய பாத்திரங்கள் அத்தனையும் அடுப்பில் ஏற வேண்டும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பத்து நிமிடத்தில் சுவர் தோல்போலக் குழைகிறது. அப்போது துணி சுற்றிய மர ஆப்பைக் குடைவுக்குள் செலுத்தி விரிக்க வேண்டும். வெளிப்பக்கம் பிதுங்குவதை அமுக்க வேண்டுமானால் இரு பக்கமும் பலகை வைத்துக் கிளாம்ப்பால் இறுக்கலாம். 10 மில்லிமீட்டர் தேவையென்றால் 15 மில்லிமீட்டர் தள்ளுங்கள். இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பழைய உருவத்தின் நினைவு போகாது. பிடி விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும். ஆப்பும் கிளாம்ப்பும் இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூடியைத் திறந்தே வையுங்கள். முதல் முறை நான் இறுக்கி மூடிவிட்டுத் தூங்கப் போனேன். தண்ணீர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, காலையில் டாங்கின் இரு கன்னமும் பட்டினி கிடந்தவன் கன்னம்போல் ஒட்டிப்போயிருந்தது. மறுபடியும் வெந்நீர் ஊற்றித்தான் மீட்டேன்.

வெந்நீரை நான் விரும்பக் காரணம், தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, பாலிஎதிலீன் உருகுவது ஏறக்குறைய 130 டிகிரியில். தவறு செய்தாலும் டாங்க் உருக்குலையாது. ஹீட் கன்னுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெட்ரோல் படாத டாங்கில், உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் அமுக்க வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்தலாம். கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் கண்ணாடிபோல் ஊடு தெரியத் தொடங்கினால் உருகும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். உடனே விலகுங்கள்.

செதுக்குவதைப் பற்றி: இவ்வகை டாங்குகளை அச்சைச் சுழற்றி வார்க்கிறார்கள். அதனால் சுவரின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. டாங்கின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பையும் போல்ட் மாட்டும் காதுகளையும் அரத்தால் ராவலாம். சுவரைத் தொடாதீர்கள். மேலே பார்த்தால் தடிமனாகத் தெரியும் மூலை உள்ளே மெலிந்திருக்கும். புத்தம்புதிய டாங்குக்குள் ஒரு சிறு எல்இடி விளக்கை இறக்கி, இருட்டில் பாருங்கள். மெலிந்த இடம் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

நேற்றுப் பொருந்தியது, இன்று போல்ட் துளை சேரவில்லை

என்னை மிகவும் ஏமாற்றிய அறிகுறி இது. வெந்நீர் வேலை முடிந்ததும் ஆசை தாங்காமல் பின்தாங்கியைச் செய்து, துளையிட்டு, போல்ட் போட்டு முடித்துவிட்டேன். பெட்ரோல் நிரப்பி மூன்று வாரம் கழித்து ஒரு வேலைக்காகக் கழற்றியவனால் திரும்ப மாட்ட முடியவில்லை. தாங்கி வளைந்துவிட்டதா, சட்டம் கோணியதா என்று ஒரு மாலை முழுதும் நூல் பிடித்து அளந்தேன். எதுவும் வளையவில்லை. டாங்க் வளர்ந்திருந்தது.

மழைக்காலத்து மரக்கதவு நிலையைப் பிடிப்பதுபோல, பாலிஎதிலீன் பெட்ரோலில் ஊறிப் பருக்கும். என் டாங்க் நீளவாக்கில் 9 மில்லிமீட்டர் கூடியிருந்தது. காலி செய்து காயவிட்டால் மெல்லச் சுருங்கும், திரும்ப நிரப்பினால் திரும்ப வளரும். இது பழுது அல்ல, பொருளின் இயல்பு.

ஆகவே முதல் பொருத்தலை ரப்பர் பட்டையால் கட்டித் தற்காலிகமாக நிறுத்துங்கள். பெட்ரோல் நிரப்பிக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். பிறகு அளந்து, உலோகத் தாங்கியில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போடுங்கள். டாங்கின் காதில் ரப்பர் புஷ், அதற்குள் உலோகக் குழல், மேலே அகல வாஷர் என்ற அமைப்பு இருந்தால் போல்ட்டை இறுக்கினாலும் டாங்க் இறுகாது. முன்னும் பின்னும் நகர இடம் இருக்கும். முன்னும் பின்னும் அசையாமல் கட்டிய டாங்க் பருக்க இடமில்லாமல் காதருகே பிளக்கும். காதைப் பெரிதாக்க டிரில்லை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது அதற்குள் பெட்ரோல் இருக்கிறது. துளையிடுவது தாங்கியில், தாங்கியையும் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய்.

சீட்டும் இதே காரணத்தால்தான் சேராமல் போகும். சீட்டின் முன்நாக்கு டாங்கின் பின்பக்கத்தை முட்டினால், சீட்டின் அடித்தகட்டைக் கொஞ்சம் ராவி, உள் பஞ்சைச் சீவிக்கொள்ளலாம். அது சின்ன வேலை.

ஹேண்டில்பாரை முழுதும் திருப்பினால் இன்ஜின் வேகம் ஏறுகிறது

இதைக் கண்டால் வண்டியைக் கராஜுக்கு வெளியே எடுக்காதீர்கள். அகலமான டாங்கின் தோளுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கி இழுபடுகிறது. திருப்பத்தில் தானாகப் பாயும் வண்டி எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறவே கூடாது. கேபிளின் பாதையை மாற்றி, டாங்கை இறக்கி, மறுபடியும் பாருங்கள். டாங்க் ஊறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் அன்று இருந்த இடைவெளி இன்று இருக்காது.

ஹேண்டில்பாரோ ஃபோர்க்கோ டாங்கை இடிக்கிறது என்றால் ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டுகள் வைக்கலாம். வைத்தால் கேபிள்களின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். வண்டி மணலில் சாயும்போது ஹேண்டில்பார் முழு விசையோடு திரும்பும். அதை நிறுத்த வேண்டியது சட்டத்தில் உள்ள இரும்புத் தடை. அந்த அடியைப் பெட்ரோல் டாங்க் வாங்கக் கூடாது.

கசிகிறது

எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. பெட்ரோல் ஊற்றெடுத்த இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறாக இருக்கும். டாங்கை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்று.

பெரும்பாலும் பெட்ரோல் காக் பொருந்தும் இடமாகவே இருக்கும். அங்கே கசிவை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், பெட்ரோலைத் தாங்கும் வகையா என்று பாருங்கள். விட்டான் ரப்பர் நம்பகமானது. இங்கே சாதாரண சிலிகான் பசையைத் தடவும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது, எல்லா நாட்டிலும் தவறு. பெட்ரோல் அதை ஊறவைத்து நுங்குபோலாக்கும். அந்த நுங்கு துண்டு துண்டாகக் கார்புரேட்டருக்குப் போய்ச் சேரும்.

போல்ட்டைத் திருக, அது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பிளாஸ்டிக்குக்குள் பதித்த பித்தளை மரை கழன்றுவிட்டது. யாரோ பலத்தைக் காட்டியிருக்கிறார்கள். என் டாங்கில் அந்த யாரோ நான்தான். எப்பாக்ஸி ஊற்றி நிறுத்தலாம் என்று தோன்றும். பாலிஎதிலீனில் சாதாரணப் பசை எதுவும் உண்மையாக ஒட்டாது. ஒரு வாரம் பிடித்துவிட்டு முழுசாகப் பெயர்ந்து வரும். நான் செய்தது: கழன்ற மரையை எடுத்துவிட்டு, ஒரு மெல்லிய கம்பியை அந்தத் துளை வழியாகச் செலுத்தி மூடித் துளை வழியே வெளியே இழுத்து, அதன் நுனியில் போல்ட்டைக் கட்டி உள்ளேயிருந்து துளைக்கு இழுத்தேன். தலைப்பக்கம் விட்டான் வாஷர், வெளியே நட். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் எடுக்கும் பொறுமை வேண்டும், ஆனால் இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை.

சுவரிலேயே பிளவு என்றால் அது என்ன பிளாஸ்டிக் என்று முதலில் அறிய வேண்டும். வெளி விளிம்பிலிருந்து ஒரு சீவலை எடுத்து, டாங்குக்கு வெகு தொலைவில், சூடான சால்டரிங் முனையால் தொடுங்கள். உருகி, இழுத்தால் நூலாக வந்தால் சாதாரண பாலிஎதிலீன். அதே பிளாஸ்டிக் குச்சியால் வெல்டிங் செய்ய முடிகிற வகை. உருகி ஓடாமல் குழைந்து கருகினால் குறுக்குப் பிணைப்பு உள்ள வகை. அதை வெல்டிங்கால் சேர்க்க முடியாது. முதல் வகையாக இருந்தாலும் பெட்ரோல் கண்ட டாங்கை வீட்டில் வெல்டிங் செய்யச் சொல்ல மாட்டேன். அதற்கென்று இருக்கும் பட்டறைக்குக் கொடுங்கள், இல்லையேல் புதிது வாங்குங்கள்.

பிளவுகளில் பல உராய்விலிருந்து பிறக்கின்றன. டாங்கும் சட்டமும் தொடும் இடத்தில் செம்மண் தூசி புகுந்தால் அது உப்புத்தாள்போல் வேலை செய்யும். பழைய டயர் டியூபை வெட்டிச் சட்டத்தின் மேல் சுற்றுங்கள். ஒவ்வொரு நெடும்பயணத்துக்குப் பிறகும் டாங்கைத் தூக்கி, பளபளப்பாகத் தேய்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கசிவே இல்லை, ஆனால் கராஜெல்லாம் பெட்ரோல் வாசனை; ஸ்டிக்கர் கொப்பளிக்கிறது

பாலிஎதிலீன் சுவர் வழியாகவே ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஸ்டிக்கரின் அடியில் அது சேர்ந்தால் அம்மைக் கொப்புளம்போல் எழும்பும். நுண்துளை இட்ட ஸ்டிக்கர்கள் இதற்கென்றே விற்கின்றன. என் ஆலோசனை, எதுவும் ஒட்டாதீர்கள். வண்டி நிற்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம்.

இருபது கிலோமீட்டர் ஓடி அடைத்துக்கொண்டு நிற்கிறது, சற்று நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது

நின்றவுடன் டாங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் நோய் தெரிந்துவிட்டது: பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை. இவ்வகை மூடிகளில் ஒரு சிறு குழாயும் அதில் ஒருவழி வால்வும் இருக்கும். காற்று உள்ளே வர வேண்டும், வண்டி சாய்ந்தால் பெட்ரோல் வெளியே போகக் கூடாது. வால்வைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அல்லது குழாய் ஹேண்டில்பாரின் அடியில் மடங்கிக் கிடக்கும். வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்தும் சத்தம் வரவில்லையா? பெட்ரோல் காக்கைக் கழற்றி வலையைப் பாருங்கள். டாங்க் புதிதாக, பெட்ரோல் படாமல் இருந்தபோது துளையிட்டதில் விழுந்த பிளாஸ்டிக் பிசிறு அங்கே குவிந்திருக்கும். துளையிடும்போது டிரில் நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டால் பிசிறு அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் வேலை முடிந்த பிறகுதான் கற்றேன். வெந்நீர் வைத்தியம் செய்தவர்கள் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் வடித்துப் பாருங்கள். டாங்கின் மூலையில் ஒளிந்திருந்த தண்ணீர் முத்து முத்தாக அடியில் நிற்கும்.

புதிய டாங்க் போட்டதிலிருந்து ஐடிலிங் எகிறுகிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெடிச்சத்தம்

டாங்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று குழம்ப வேண்டாம். டிஆர்650இன் பழைய பெட்ரோல் காக் இன்ஜினின் வெற்றிடத்தால் திறக்கும் வகை. அதற்கு இரண்டு குழாய்கள்: தடித்தது பெட்ரோலுக்கு, மெல்லியது வெற்றிடத்துக்கு. பெரிய டாங்கில் வருவது கையால் திருப்பும் சாதாரணக் காக். மெல்லிய குழாய்க்கு அதில் வேலை இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் பக்கத்து முனையை அடைக்காமல் விட்டால், அந்த வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கலவை பெட்ரோல் குறைந்து வறண்டுபோகும். ஒரு ரப்பர் மூடியும் சிறு கிளிப்பும் போதும்.

இந்த மாற்றத்துக்கு இரண்டாம் பாகம் உண்டு. பழைய காக்கில் மூடும் நிலையே கிடையாது. இன்ஜின் நின்றால் அதுவே மூடிக்கொள்ளும். புதியதை நீங்கள்தான் மூட வேண்டும். மறந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசியில் ஒரு பிசிறும் சிக்கியிருந்தால், இரவெல்லாம் பெட்ரோல் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கி எண்ணெயோடு கலக்கும். காலையில் எண்ணெய் மட்டம் ஏறியிருந்தால், எண்ணெயில் பெட்ரோல் வாசனை அடித்தால், ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெயை மாற்றிவிட்டு, ஊசியைச் சுத்தம் செய்த பிறகுதான்.

டாங்கில் பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்கிறது, வண்டி காலி என்கிறது

பெரிய டாங்குகள் குதிரைச் சேணம்போல் இருபுறமும் தொங்குகின்றன. பெட்ரோல் குடைவின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் ஒரே டாங்க் இரண்டாகிவிடும். காக் இடப்பக்கம் மட்டும் இருந்தால் வலப்பக்கத் தொங்கலில் உள்ளது அங்கேயே சிறையிருக்கும். வழியில் இப்படி நின்றால் வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், வலப்பக்கத்துப் பெட்ரோல் குடைவைத் தாண்டி வழிந்து வரும். நிரந்தர வைத்தியம் வலப்பக்கமும் ஒரு காக் வைத்து இரண்டையும் டி-இணைப்பில் சேர்ப்பது.

தொங்கல் கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருந்தால் அதுவும் பலிக்காது, ஏனென்றால் தண்ணீரானாலும் பெட்ரோலானாலும் மேட்டுக்கு ஏறாது. வேறொரு வண்டியின் டாங்க் என்றால் இதை மாட்டும்போதே பார்த்துவிட வேண்டும். டாங்கில் 3 லிட்டர் மட்டும் ஊற்றி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் செருகும் அதே உயரத்தில் பிடித்து, ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடியுங்கள். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடினால் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர்தான் கேட்கிறது. ஏற்றத்துக்கும் எதிர்காற்றுக்கும் சேர்த்து 300 மில்லிலிட்டர் வந்தால் நிம்மதி. நிறைந்த டாங்கில் இதைச் சோதித்துப் பயனில்லை. அப்போது எல்லாமே நன்றாக ஓடும். வரத்து போதவில்லை என்றால் இன்ஜின் துடிப்பில் இயங்கும் சிறு பம்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியதுதான்.

வெயிலில் மெதுவாகப் போகும்போது மட்டும் திணறுகிறது

டிஆர்650 காற்றிலும் எண்ணெயிலும் குளிரும் இன்ஜின். அகலமான டாங்க் சிலிண்டரின் தலைக்குக் குடை பிடிக்கிறது, வெயிலுக்கல்ல, காற்றுக்கு. பெட்ரோலின் இலகுவான பகுதி 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்குகிறது. சிலிண்டர் தலையை உரசிக்கொண்டு போகும் குழாயில் குமிழ் கட்டினால் ஓட்டம் நிற்கும். குழாயைச் சுற்றுவழியில், ஆனால் எங்கும் மேடேறாமல் வாட்டமாக, சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். வெப்பத்தைத் திருப்பும் வெள்ளி உறை மாட்டலாம். டாங்கின் அடிவயிற்றில் அலுமினியத் தகடு பொருத்தினால் டாங்குக்கும் நல்லது. வலப்பக்கச் சைலன்சர் குழாய்க்கும் டாங்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இல்லையென்றால் அந்த டாங்க் அந்த வண்டிக்கு இல்லை. அதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

முன்சக்கரம் மணலில் புதைகிறது

டாங்க் கோளாறு இல்லை, எடை. 25 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 18.5 கிலோ, பழைய 13 லிட்டர் 10 கிலோவுக்குள்தான். கூடுதல் 9 கிலோ உயரத்திலும் முன்பக்கத்திலும் வந்து உட்காருகிறது. முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்கினேன், தீர்ந்தது. பக்கத்து ஊருக்குப் போகும்போது பாதி டாங்கோடு போகிறேன். மவுண்ட் டேரில் நிரப்பும்போதும் கழுத்துவரை ஊற்றுவதில்லை. காலைக் குளிரில் ஊற்றிய 25 லிட்டர், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் அரை லிட்டர் அளவு விரியும். இடம் இல்லையென்றால் அது மூடியோரம் கசிந்து என் முழங்காலில்தான் வந்து வழியும்.